கவருக்குள் அடங்காத ஆறு

பத்தமடை
14 அக்டோபர் 2024

அன்பு மச்சானுக்கு ஷஃபீகாவின் ஸலாம்.

அல்லாஹ் கிருபையால் நாங்கள் நலம். மாமிக்குச் சர்க்கரை இறங்கியிருக்கிறது, குரல் மட்டும் இறங்கவில்லை. நம் மகன் ஜீஷான் கோயம்புத்தூர் விடுதியில் சாம்பாரைத் திட்டிக்கொண்டு நலமாக இருக்கிறான். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இதை நேற்றுப் போனிலேயே கேட்டேன்தான். போனில் கேட்கும்போது மாமி முதல் பக்கத்து வீட்டு ஆபிதா பீவி வரை எல்லாருக்கும் சேர்த்துக் கேட்கிறேன். இங்கே எனக்காகக் கேட்கிறேன்.

ஒரு செய்தி. பாளையங்கோட்டையில் பிருந்தா டீச்சர் என்று ஒருவர், வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாக வாசகசாலை கட்டுகிறார். அதற்குப் பாய் எடுக்க நம் தெருவுக்கு வந்தவர், தண்ணீர் கேட்டு நம் வீட்டுக்குள் வந்தார். உங்களுக்கு அனுப்புவதற்காக அடுக்களை ஜன்னலில் ஆறவைத்திருந்த படத்தைப் பார்த்தார். தண்ணீரைக் குடிக்கவே மறந்துவிட்டார். "இது என்ன பெயிண்டு?" என்றார். பெயிண்டு இல்லை, தேன்மெழுகு என்றேன். பாபநாசம் மலைத்தேன் விற்பவரிடம் மெழுகும், நாட்டுமருந்துக் கடையில் குங்கிலியமும் வாங்கி, உருக்கி, வண்ணப்பொடி கலந்து, தோசைக்கல்லில் சூடாக வைத்துத் தொட்டுத் தொட்டுப் பலகையில் தீட்டுவேன் என்று சொன்னேன். ஒவ்வொரு பூச்சையும் மறுபடி சூடு காட்டி அடிப்பூச்சோடு சேர்க்க வேண்டும் என்றும் சொன்னேன். ஜீஷான் பள்ளிக்கூடத்தில் அம்மாமாருக்கு நடத்திய மூன்று நாள் ஓவிய முகாமில் கற்றதற்கு இவ்வளவு பேச்சு வந்தது எனக்கே ஆச்சரியம்.

அவர் வாசகசாலைச் சுவருக்கு ஒரு படம் கேட்கிறார். நம் ஆறு. ஆறடிக்கு நாலடி. மே முடிவதற்குள்.

நான் உள்ளங்கையைவிடப் பெரிதாக எதுவும் தீட்டியதில்லை. ஏன் என்று டீச்சர் கேட்டார். கவருக்குள் போக வேண்டுமே என்றேன். சிரித்தார். நான் சிரிக்க வைக்கச் சொல்லவில்லை, மச்சான். நீங்கள் போன அடுத்த மாதம் தொடங்கி, மாதம் ஒன்றாக இதோடு முப்பத்தொரு படம். எல்லாம் உங்களுக்கு, எல்லாம் கவர் அளவு. ஆறடியில் தீட்டினால் அதை யாருக்கு அனுப்புவது? ஆசையாகவும் இருக்கிறது, பயமாகவும் இருக்கிறது. செய்யட்டுமா?

இதில் வைத்திருப்பது சேரன்மகாதேவி படித்துறை. படிகளை எண்ணிப் பாருங்கள்.

துஆவுடன்,
ஷஃபீகா


சோகார், ஓமான்
9 நவம்பர் 2024

அன்புள்ள ஷஃபீகாவுக்கு, வ அலைக்குமுஸ்ஸலாம்.

அல்ஹம்துலில்லாஹ், நலம். கிட்டங்கியில் இப்போது எனக்குப் பெட்டி எண்ணும் வேலைதான், தூக்கும் வேலை இல்லை. முழங்கால் சொன்னபடி கேட்கிறது.

படம் வந்தது. கட்டிலில் உட்கார்ந்து மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தேன். ஆறு மூடுபனிக்குள் கிடக்கிறது. கரை எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. அடியிலிருந்து ஒரு வெள்ளை வெளிச்சம் மேலே வருகிறது. பார்த்துக்கொண்டே இருந்ததில் அறையின் ஏசிச் சத்தம் அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தமாகிவிட்டது. அப்படியே தூங்கிப்போனேன். விழித்தபோது காலில் ஈரம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன், சிரிக்காதே.

பெரிய படத்தைக் கட்டாயம் செய். யாருக்கு அனுப்புவது என்று கேட்டிருக்கிறாய். சுவரில் மாட்டு, நான் வந்து பார்க்கிறேன். எப்போது என்று மட்டும் கேட்காதே. மேனேஜர் எல்லா மாதமும் அடுத்த மாதம் என்கிறார்.

உம்மாவுக்கு என் ஸலாம் சொல்.

அலி அஸ்கர்


பத்தமடை
2 டிசம்பர் 2024

மச்சானுக்கு ஸலாம். நாங்கள் நலம், உங்கள் நலத்துக்கு என்றும் துஆ.

அது என்ன பனி? நான் தீட்டியது நட்ட நடு மத்தியானம். பதினாலு படி, ஒவ்வொன்றின் விளிம்பும் ஊசி முனையால் கீறியது. கண்ணாடி மாற்றிக்கொள்ளுங்கள். அதற்கு முந்தைய மாதம் கோரைக்காட்டைத் தீட்டி அனுப்பினால் மேகம் என்றீர்கள், அதற்கு முன்னால் மருதமரத்தைப் புகை என்றீர்கள். பாலைவனத்தில் இருப்பவருக்கு எல்லாம் குளிர்ச்சியாகத் தெரிகிறது போல என்று விட்டுவிட்டேன்.

பெரிய படத்துக்கு வருகிறேன். தச்சர் ஐயம்பெருமாள் அண்ணாச்சி ப்ளைவுட் அறுத்துத் தந்தார். ஒரு பக்கம் சூடாக மெழுகு பூசினேன், மறுநாள் பலகை அப்பளம் மாதிரி வளைந்து நின்றது. அண்ணாச்சி வந்து பார்த்து, "பின்னால சட்டம் போடாம ஆறடிப் பலகை எப்படி நிக்கும்? நீங்க முதல்லயே அளவைச் சொல்லிருக்கணும்" என்று என்னையே குற்றவாளி ஆக்கினார். இப்போது பின்னால் சட்டம் அடித்திருக்கிறது. கட்டில் கனம்.

அதைவிடப் பெரிய தொல்லை மெழுகுதான். சின்னப் படத்தில் தோசைக்கல்லிலிருந்து பலகைக்கு ஒரு சாண். இதில் நான் தூரிகையை எடுத்துக்கொண்டு அந்த மூலைக்குப் போவதற்குள் மெழுகு உறைந்து முடியில் கட்டியாக நிற்கிறது. வண்ணம் நுனியில் தொடங்கி நடுவழியில் நின்றுவிடுகிறது. ஒரு நாளில் ஒரு முறம் அளவுகூட முடியவில்லை.

போன மாதம் பலகை வேலையில் சின்னப் படம் தவறிவிட்டது. முப்பத்திரண்டாவதை இதில் வைத்திருக்கிறேன். இதிலாவது பனி பார்க்காதீர்கள்.

ஷஃபீகா


சோகார்
28 டிசம்பர் 2024

அன்புள்ள ஷஃபீ,

ஸலாம். நலம்.

கண் டாக்டரிடம் போனேன், கண்ணாடி சரியாகத்தான் இருக்கிறதாம்.

ஒன்று சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. பெரிய படம் முடிகிற வரைக்கும் எனக்குச் சின்னப் படம் அனுப்ப வேண்டாம். உனக்கு நேரம் வேண்டும். கடிதம் மட்டும் போடு, போதும்.

அலி அஸ்கர்


பத்தமடை
15 ஜனவரி 2025

மச்சானுக்கு ஸலாம்.

மாமி நலம். ஜீஷான் பொங்கல் விடுமுறைக்கு வந்திருக்கிறான், நலம். நான் நலமில்லை.

வேண்டாம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? மாதம் ஒரு நாள் அடுக்களைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் உங்களோடு இருக்கிறேன். அது உங்களுக்குப் பாரமாகிவிட்டதா? அதனால் வேண்டுமென்றே அனுப்புகிறேன். கன்னடியன் கால்வாய் மதகு. இதுவரை செய்ததில் இதுதான் நன்றாக வந்திருக்கிறது.

பெரிய பலகையை முடித்தேன். கல் கல்லாக, அலை அலையாக, ஒவ்வொரு சாணாகத் தீட்டி மூன்று வாரத்தில் முடித்தேன். போன வெள்ளிக்கிழமை பிருந்தா டீச்சர் வந்து பார்த்தார். "ரொம்ப உழைச்சிருக்கீங்க" என்றார். உழைப்பை மெச்சினால் படம் தேறவில்லை என்றுதானே அர்த்தம்? அவர் போன பிறகு வாசலில் நின்று பார்த்தேன். குளியலறைச் சுவரில் ஓடு பதித்த மாதிரி இருந்தது. நூறு சின்னப் படம் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறது. ஆறு எங்கேயும் இல்லை.

அழுதேன். பிறகு தோசைக்கரண்டியை எடுத்து எல்லாவற்றையும் சுரண்டிச் சட்டியில் போட்டுவிட்டேன். மே மாதம் வரைக்கும் தவணை இருக்கிறது. எனக்குத்தான் வழி தெரியவில்லை.

ஷஃபீகா


சோகார்
20 பிப்ரவரி 2025

அன்புள்ள ஷஃபீகாவுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்தக் கடிதத்தைப் பத்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் கம்பெனித் தபால் வாரம் ஒரு முறை வேனில் வரும். டிரைவர் தபால்களை முன்கண்ணாடிக்கு அடியில் போட்டு, வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு மற்ற வேலைகளுக்குப் போவார். குளிர்காலத்திலும் அந்த இடத்தில் கை வைக்க முடியாது. இந்த முறை அவர் ஊருக்குப் போயிருந்தார். நானே தபால் நிலையம் போய் உன் கவரை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பிரித்தேன். மதகு. மதகில் பலகை, பலகையில் ஆணி, ஆணியில் துரு. தண்ணீரில் ஒரு கோரைத்தாள் வளைந்து நிற்கிறது, அதன் நிழல் அதைவிடக் கொஞ்சம் நீளம். ஷஃபீ, நீ தீட்டிய படத்தை நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை.

மற்ற முப்பத்திரண்டும் உருகித்தான் வந்தன. முதல் படம் உன் கடிதத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது, உரித்தபோது உன் எழுத்து தலைகீழாக மெழுகில் பதிந்திருந்தது. இந்தக் கலை இப்படித்தான் போல என்று நினைத்து, அழகாக இருக்கிறது என்று எழுதினேன். இரண்டாவதில் நீ மரங்களை எண்ணச் சொல்லியிருந்தாய். மரமே இல்லை. அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். மாதம் ஒரு கவர் வராவிட்டால் இந்த அறையில் நான் எப்படி இருப்பேன்? பதினாலு படி என்று நீ எழுதியதும் தாங்கவில்லை, அதனால்தான் படம் வேண்டாம் என்றேன், பாரமாகி அல்ல.

இல்லாததை நான் எழுதவில்லை. கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும்தான் எழுதினேன், எனக்கு அது பிடிக்கவும் செய்தது. ஆனாலும் உனக்குத் தெரியாமல் வைத்தது தப்பு. படித்துறைப் படத்தை இதில் திருப்பி அனுப்புகிறேன். நீயே பார்.

அலி அஸ்கர்


பத்தமடை
3 ஏப்ரல் 2025

மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடியாகக் கழிந்தது. மாமி நலம். ஜீஷானுக்குச் சட்டை எடுத்தாயிற்று. மழை இல்லை.

ஷஃபீகா


சோகார்
22 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷஃபீகாவுக்கு ஸலாம்.

நாலு வரி வந்தது. நாலு வரிக்கும் நன்றி.

ஜூலையில் இருபத்தைந்து நாள் விடுமுறை கொடுத்துவிட்டார்கள், எட்டாம் தேதி திருவனந்தபுரத்தில் இறங்குகிறேன். போனில் நீ உம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறாய், அதனால் இங்கே எழுதுகிறேன். திட்டியாவது எழுது.

அலி அஸ்கர்


பத்தமடை
25 மே 2025

அன்பு மச்சானுக்கு ஷஃபீகாவின் ஸலாம். நலம்தானே? முழங்கால்?

திட்டச் சொன்னீர்கள். திட்டுகிறேன். மூன்று வருஷம் என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டீர்கள். ஊசியால் படி கீறிய கை இது. அதைப் பார்க்காத ஒருவர் மெச்சியதை நம்பிச் சந்தோஷமாக இருந்தேனே, அந்தச் சந்தோஷத்தை இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது? நோன்பு முழுக்க உங்கள் கவரை மாவுப்பானைக்குப் பின்னால் போட்டு வைத்திருந்தேன்.

பெருநாள் கழிந்து ஒரு மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். படி ஒன்றுகூட இல்லை. பதினாலு வெள்ளைக் கீறலும் இளகித் தண்ணீருக்குள் இறங்கி, ஒன்றோடொன்று கலந்து, அடியில் வெளிச்சமாகக் கிடந்தது. ஆற்றில் முங்கிக் கண்ணைத் திறந்தால் படித்துறை எப்படி அசைந்துகொண்டு தெரியும், அப்படி இருந்தது. நான் கரையில் நின்று எண்ணிக்கொண்டே இருந்திருக்கிறேன், மச்சான். ஒரு நாளும் இறங்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள எனக்கு இன்னும் பத்து நாள் ஆயிற்று, கோபம் போகவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன்.

கத்திரி தொடங்கியதும் பலகையை மொட்டைமாடிக்கு ஏற்றினேன். நாலு பேர் தூக்கினார்கள். செங்கல்மேல் மல்லாத்தி வைத்தேன். மத்தியானம் பன்னிரண்டு மணிக்குத் தளம் காலைச் சுட்டது, பலகையும் சுட்டது. மெழுகைப் பிரியாணி தேக்சாவில் உருக்கினேன். முகாமில் பன்றிமுடித் தூரிகைதான் நல்லது என்று சொன்னார்கள், நமக்கு அது ஆகாது. கறிக்கடையில் ஆட்டுமுடி வாங்கி ஒரு சாண் அகலத்துக்குக் கட்டினேன். மாமி படிக்கட்டிலிருந்தே, "ஏட்டி, வெயிலு மூளைக்கு ஏறிட்டா? ஊரே கதவடச்சுக் கெடக்கு, நீ மேல என்ன செய்யுத?" என்று சத்தம் போட்டார்கள்.

மெழுகு ஆறவே இல்லை. கை போகிற தூரத்துக்கெல்லாம் கூடவே வந்தது. ஆறடியையும் ஒரே வீச்சில் கடந்தது. சூடு காட்டத் தெருமுனைத் தேய்ப்புக்காரர் பிச்சைக்கண்ணுவின் கரி இஸ்திரிப்பெட்டியைக் கேட்டேன். அவரே தூக்கிக்கொண்டு வந்தார். "அக்கா, பெட்டியை நிப்பாட்டாதிய. நின்ன இடம் பொசுங்கிரும். கையை மட்டும் நீட்டாம ஆளும் கூடவே நடக்கணும், பைய" என்றார். நடந்தேன். பெட்டிக்குக் கீழே பச்சை நீலத்துக்குள் போயிற்று, நீலம் வெள்ளைக்கு அடியில் போயிற்று. தேனும் குங்கிலியமும் மணத்தன. தெருவில் ஒரு சத்தமில்லை. வெயிலில் கண் கூசி, நான் நடப்பது பலகையைச் சுற்றியா தண்ணீருக்குள்ளா என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை. நான் நினைக்காத இடத்திலெல்லாம் ஆறு வந்துகொண்டிருந்தது. பயமாக இருந்தது, ஆனால் நிறுத்த மனசில்லை.

நாலு மத்தியானம். முடிந்துவிட்டது. நேற்று வாசகசாலையில் மாட்டினார்கள். பிருந்தா டீச்சர் இந்த முறை உழைப்பைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை.

போட்டோ அனுப்ப மாட்டேன். வந்து பாருங்கள். ஒரே ஒரு நிபந்தனை, பார்த்ததைச் சொல்ல வேண்டும். எனக்காகச் சொல்லக் கூடாது.

துஆவுடன்,
ஷஃபீகா


பத்தமடை
11 ஆகஸ்ட் 2025

மச்சானுக்கு ஸலாம். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்ததில் சந்தோஷம். கொண்டுபோன முறுக்கு நொறுங்காமல் இருக்கிறதா?

நீங்கள் இருந்த இருபத்தைந்து நாளும் வீடு வீடாக இருந்தது. அதில் குறை இல்லை. ஆனால் வாசகசாலையில் அந்தப் படத்துக்கு முன்னால் முக்கால் மணி நேரம் நின்றீர்கள். மாமி உட்கார இடம் தேடினார்கள், ஜீஷான் போனைப் பார்த்தான், நான் உங்கள் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பி, "நல்லா இருக்கு" என்றீர்கள். என் மீன்குழம்புக்கும் அதைத்தான் சொல்கிறீர்கள். பிறகு ஊருக்குப் போகிற நாள் வரைக்கும் படத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

ஷஃபீகா


சோகார்
30 ஆகஸ்ட் 2025

அன்புள்ள ஷஃபீகாவுக்கு ஸலாம். நலம். முறுக்கு தீர்ந்துவிட்டது.

நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்மாவும் டீச்சரும் நிற்கும்போது எப்படிச் சொல்வது? வீட்டில் தினமும் சொல்லலாம் என்று நினைத்தேன். நீ சிரித்த முகமாக இருந்தாய், கெடுக்கத் துணியவில்லை. பழைய புத்திதான். இப்போது எழுதுகிறேன், கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்.

அந்த ஆற்றுக்கு முன்னால் நின்றேன். நான் இங்கே மடியில் வைத்துப் பார்த்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து எழுந்து நின்றது போல இருந்தது. எங்கே பார்த்தாலும் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. வலது பக்கம் கீழ் மூலையில் மட்டும் நின்றுவிட்டது. ஒரு முறம் அளவு இடம். அங்கே கூழாங்கல் ஒவ்வொன்றாக இருக்கிறது. அழகான கல்தான், நிழல்கூட இருக்கிறது. ஆனால் என் கண் ஆற்றோடு போய் அந்த இடத்தில் தடுக்கி விழுகிறது. நான் முக்கால் மணி நேரம் நின்றது அதனால்தான், பழகிவிடுமா என்று பார்த்தேன். பழகவில்லை. அந்த மூலை எனக்குப் பிடிக்கவில்லை, ஷஃபீ.

எனக்குப் படம் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிந்ததை எழுதிவிட்டேன்.

அலி அஸ்கர்


பத்தமடை
19 செப்டம்பர் 2025, வெள்ளி

என் அன்பு மச்சானுக்கு ஷஃபீகாவின் ஆயிரம் ஸலாம். எல்லாரும் நலம், நான் ரொம்ப நலம்.

தபால்காரர் கொடுத்த கையோடு வாசலில் நின்றே படித்தேன். நாலாவது மத்தியானம், எல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோது எனக்குத் திடீரென்று பயம் வந்துவிட்டது. இது என் கை வேலைதானா, வெயில் வேலையா? நான் செய்தேன் என்று காட்ட ஒன்றுமே இல்லையே என்று தோன்றியது. கீழே இறங்கிப் பழைய சின்னத் தூரிகையை எடுத்துவந்து அந்த மூலையில் கல் கல்லாகத் தீட்டினேன். யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடமும் மறைத்தேன். திறப்பு விழாவில் இருநூறு பேர் பார்த்தார்கள், ஒருவர் கண்ணிலும் படவில்லை. படவில்லை என்று ஒவ்வொரு நாளும் நிம்மதிப்பட்டேன், ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கம் பார்க்காமல் இருந்தேன்.

இன்று வாசகசாலைக்கு விடுமுறை. ஐயம்பெருமாள் அண்ணாச்சி ஆள் வைத்துப் படத்தை இறக்கித் தரையில் மல்லாத்தினார். பிச்சைக்கண்ணு கரியை ஊதிப் பெட்டியைக் கையில் கொடுத்தார். கற்களின் மேல் பெட்டியைக் காட்டியபடி இரண்டு நடை நடந்தேன். இளகி, மேலிருந்து வந்த பச்சையோடு சேர்ந்து போய்விட்டன.

பிருந்தா டீச்சருக்குத்தான் தாங்கவில்லை. "நல்லாத்தானம்மா இருந்துது. எவ்வளவு பேரு பாராட்டுனாங்க! யாரு வந்து குத்தம் சொன்னது?" என்று கேட்டார்.

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். சொல்லும்போது முகத்தில் வந்த பெருமையை எனக்கு மறைக்கத் தெரியவில்லை, மச்சான்.

இப்படிக்கு,
உங்கள் ஷஃபீகா